பிடுங்காமல் விட்டதற்கு நன்றி

திருப்பதியில் பல் பார்க்கும் டாக்டரம்மாவுக்கு,

சித்தூரிலிருந்து அம்மாவை அழைத்து வந்தவன் எழுதுகிறேன். "பல்லு ஜிவ்வுமண்டுன்னாயி", அதாவது பல் கூசுகிறது என்று உங்களிடம் தெலுங்கில் முறையிட்டவர். தோத்தாபுரி லாரி லாரியாய்ப் போகிற ஊரில் இருந்துகொண்டு, கூச்சத்துக்குப் பயந்து மாம்பழத்தைத் தொடாதவர். வேறோர் இடத்தில் "வயசாச்சு, எடுத்துட்டு செட் கட்டிக்கலாம்" என்று சொல்லிவிட்டார்கள்.

நீங்கள் அவசரப்படவில்லை. காற்றுக்குழாயை ஒவ்வொரு பல்லின் அடியிலும் மெல்ல ஊதிப் பார்த்தீர்கள். கோரைப்பல்லில் காற்றுப் பட்டதும் அம்மா நாற்காலிக் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். கையில் கண்ணாடியைக் கொடுத்துக் காட்டினீர்கள்: ஈறு ஏறிப்போய் வேர் மஞ்சளாகத் தெரிந்தது, ஈறோரம் அரிவாளால் கொத்தினாற்போல் ஒரு பள்ளம். காரணம்: முதலில் கரித்தூள், அப்புறம் முரட்டு பிரஷ், இரண்டையும் வைத்து இடவலமாகத் தேய்த்த தேய்ப்பு.

வேருக்கு எனாமல் கவசம் கிடையாது. டென்டினில் உள்ள நுண்குழல்களின் திரவம் குளிர்ச்சியோ காற்றோ இனிப்போ பட்டால் அசைந்து நரம்பைச் சுண்டுகிறது. 1960களில் ஸ்வீடன்காரர் மார்ட்டின் பிரான்ஸ்ட்ரோம் ஆராய்ந்து சொன்ன விளக்கம் இது. அப்படியானால் குழலின் வாயை அடைத்தாலே பாதி வேலை முடிந்தது. நீங்கள் அதைத்தான் செய்தீர்கள்.

கூசும் வேர்களில் ஃபுளோரைடு வார்னிஷ். பள்ளங்களில் கிளாஸ் அயனோமர். பல்லோடு தானே ஒட்டிக்கொள்ளும் சிமெண்ட் என்பதால் பிடிமானத்துக்காக நல்ல பல்லைக் குடைய வேண்டியிருக்கவில்லை. சொத்தை தொடங்கியிருந்த ஒரு வேரில் மட்டும் சில்வர் டையமைன் ஃபுளோரைடு. ஜப்பானில் பல காலமாகப் புழங்கும் இந்த மருந்துக்கு அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. 2014-ல் அனுமதி கொடுத்தது பல்கூச்சத்துக்குத்தான். 2021-ல் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் ஏறியது. தடவிய இடம் கருத்துப்போகும் என்று முன்கூட்டியே எச்சரித்தீர்கள். "நான் யாருக்குப் பல்லிளிக்கப் போறேன்?" என்றார் அம்மா.

ஊர் திரும்பினால் சொந்தக்காரர்களுக்கு ஏமாற்றம். "பிடுங்கவே இல்லையா? அப்புறம் எதுக்கு அவ்வளவு தூரம்?" நம் ஊர்களில் ஊசி போடாத டாக்டரும் பல் பிடுங்காத டாக்டரும் வேலை செய்ததாகவே கணக்கில்லை. செய்யாமல் விட்டதற்கு பில் போடவும் வழியில்லை. அது தெரிந்தும் குறட்டைத் தொடாமல் இருந்தீர்களே, இந்த மடல் அதற்காக.

கூச்சம் முழுக்கப் போய்விடவில்லை. ஐஸ் தண்ணீர் இன்னும் ஆகாது. ஆனால் மாம்பழம் சாப்பிடுகிறார். பொட்டாசியம் நைட்ரேட் பேஸ்ட் வாரக்கணக்கில் போட்டால்தான் கேட்கும் என்றதை நம்பி விடாமல் போடுகிறார். மென்மையான பிரஷ்ஷுக்கு மாறிவிட்டார். புளிப்பு தின்ற கையோடு பல் துலக்கக் கூடாது என்று தெருவுக்கே பாடம் நடக்கிறது.

அடுத்த முறை அத்தையையும் கூட்டி வருகிறோம். அவருக்கும் எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். தெலுங்கு அவ்வளவாக வராது, கொஞ்சம் அனுசரித்துக்கொள்ளுங்கள்.

சித்தூர் அம்மாவின் மகன்