எதிர்பார்த்த மறுப்பு

கணினி நிரல் எழுதுவோர் அதன் ஒவ்வோர் உறுப்பையும் தனித்தனியே ஆராயச் சிறு சோதனைகளையும் எழுதிவைப்பர். இவை அலகுச் சோதனைகள் எனப்படும். தக்க உள்ளீட்டுக்குத் தக்க விடை வருகிறதா என ஆராய்வது ஒருவகை. தகாத உள்ளீட்டை நிரல் மறுக்கிறதா என ஆராய்வது மற்றொருவகை. அம்மறுப்பை விதிவிலக்கு என்பர்.

பாமினி எழுத்துருவில் தட்டச்சான பழைய கட்டுரைகளை யுனிகோடுக்கு மாற்றும் யாவா நிரலொன்றைச் செம்மைசெய்யும் பணி நண்பர் சிலருக்கும் எனக்கும் வாய்த்தது. அறியாத குறியீடு வரின் நிரல் மறுத்தல் வேண்டும் என்பது விதி. ஓரெழுத்துப் பிறழினும் மூலபாடம் கெடுமன்றோ? இவ்விதிக்கென முன்னரே எழுதப்பட்டிருந்த சோதனை நாள்தோறும் வெற்றியே காட்டிற்று. ஆயினும் மாற்றிய பக்கங்களிற் பொருளற்ற எழுத்துகள் கிடந்தன.

காரணம் சோதனையின் அமைப்பிலேயே இருந்தது. 2006இல் வந்த ஜேயூனிட் நான்காம் பதிப்பில், இன்ன விதிவிலக்கு எழும் எனச் சோதனையின் தலைப்பிலேயே குறித்துவிடலாம். அதன்பின் எந்த வரியில் அது எழுந்தாலும் சோதனை வென்றதாகும். எமது சோதனையில் எழுத்து அட்டவணையை அமைக்கும் முதல் வரியே அதே வகை விதிவிலக்கை எழுப்பிற்று. மாற்றும் வரி ஒருமுறையேனும் இயங்கவில்லை. வழியில் இடறி வீழ்ந்து திரும்பியவனைக் கண்டு வாயிற்காவலனை மெச்சுதற்கு இது நிகராகும்.

2017இல் வந்த ஐந்தாம் பதிப்பிலும், 2020இல் வந்த 4.13ஆம் பதிப்பிலும் 'அசேர்ட் த்ரோஸ்' என்னும் முறை உண்டு. மறுப்பு எழவேண்டிய வரியை மட்டும் அதனுள் அடக்கலாம். எழுந்த விதிவிலக்கையும் அது கையில் தருவதால், அதன் செய்தியையும் ஆராயலாம். அட்டவணையைச் சீர்செய்து, அமைப்பு வரிகளை வெளியே நிறுத்தி, மாற்றும் வரியை மட்டும் உள்ளே வைத்தோம். சோதனை உடனே தோற்றது. அறியாத குறியீட்டை நிரல் வாளா விழுங்கிவந்தமை அன்றே வெளிப்பட்டது. பின்னர் நிரலைத் திருத்தினோம். மறுக்கப்பட்ட குறியீடு எதுவென்பதும் செய்தியில் இடம்பெறச் செய்தோம்.

1894இல் உ. வே. சாமிநாதையர் புறநானூற்றைப் பதிப்பித்தபோது, ஏடு சிதைந்த இடங்களைத் தாமே இட்டு நிரப்பாது, சிதைவு தோன்றவே விட்டார். இன்ன இடத்தில் இன்னது இல்லை என்பதும் அறிவேயாகும். தவறு நேரும் என்று மட்டும் கூறும் சோதனை எதனையும் காவாது. எவ்விடத்தில், எதன்பொருட்டு மறுப்பு எழவேண்டும் என்று கூறும் சோதனையே மூலபாடத்தைக் காக்கும்.