வெள்ளை வீடும் நீலக் காவிரியும்



வீட்டுக்கு மறுபடி பெயிண்ட் அடித்த படங்களைப் போன வாரம் போட்டிருந்தேன். "போன வருஷம்தானே டீச்சர் அடிச்சீங்க, அதுக்குள்ள ஏன்?" என்று பலர் கேட்டிருந்தீர்கள். புதிதாக வீடு கட்டும் இருவர் என்ன கலர், என்ன லைட் போடலாம் என்று தனியாகக் கேட்டார்கள். நான் ஆசிரியர் பயிற்சி முடித்தவளே தவிர இன்ஜினியர் இல்லை. தப்புச் செய்து கற்றுக்கொண்டதைத்தான் சொல்ல முடியும். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாகப் படியுங்கள்.

எங்கள் வீடு 1995இல் கட்டியது. அப்போது சிவப்பு ஆக்சைடு போட்ட சிமெண்ட் தரை. சுண்ணாம்பில் கொஞ்சம் நீலம் கலந்து அடித்த சுவர். காப்பி கலரில் கதவு நிலை. அறைக்கு ஒரு டியூப் லைட். அழகு பார்த்துச் செய்ததல்ல. கையில் இருந்த காசுக்கு அவ்வளவுதான் முடிந்தது.

போன வருஷம் மகள் வந்து, "அம்மா, இருட்டு வீடா இருக்கு, மாத்திடலாம்" என்றாள். எனக்கும் ஆசைதான். ரெண்டுக்கு ரெண்டடி பளபளப்பான வெள்ளை டைல்ஸ், வெள்ளைச் சுவர், வெள்ளைக் கதவு, வெள்ளை சுவிட்ச் போர்டு என்று எல்லாம் மாறியது. பாத்ரூமில் தரை, சுவர், வாளி வைக்கும் மேடை, பீங்கான் எல்லாமே வெள்ளை. ஹாலில் ஃபால்ஸ் சீலிங் போட்டு, பத்து எல்.இ.டி. விளக்குகளைப் பதித்தார்கள். பொங்கலுக்கு வந்தவர்கள் எல்லாம் "ஆஸ்பத்திரி மாதிரி சுத்தமா இருக்கு" என்றார்கள். அதைப் பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகுதான் உங்கள் கணக்கு சாரிடம் மாற்றம் தெரிந்தது. டம்ளரை மேசை ஓரத்தில் பாதி வெளியே இருக்கும்படி வைப்பார், விழும். ஹால் வாசலில் நின்று காலால் தரையைத் தடவிப் பார்ப்பார். "ஏம்மா, தண்ணி கொட்டிக் கிடக்கே, துடைக்கக் கூடாதா?" என்பார். போய்ப் பார்த்தால் ஒரு சொட்டும் இருக்காது. வெள்ளைத் தட்டில் வைத்த இட்லியில் ஒன்றை அப்படியே விட்டுவிட்டு எழுந்துவிடுவார். சாயங்காலம் ஆனால் கட்டிலை விட்டு இறங்கவே மாட்டார்.

நான் கோபப்பட்டேன். "கொஞ்சம் கவனமா இருந்தா என்னங்க?" என்று தினமும் ஒரு தடவையாவது கேட்டிருப்பேன். மகளிடம் போனில், "அப்பாவுக்கு மறதி நோய் ஆரம்பிக்குதோ என்னவோ" என்று ரகசியமாகச் சொன்னேன். உறவுகளிலும் இரண்டு பேரிடம் சொல்லிவிட்டேன். 34 வருஷம் கணக்கு நடத்திய மனுஷர் பக்கத்து அறையில்தான் படுத்திருந்தார். அதெல்லாம் காதில் விழுந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஒரு நாள் ராத்திரி பாத்ரூம் படியில் தவறி விழுந்தார். முழங்காலில் நல்ல அடி. எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை. "அங்க படி இருக்கறதே தெரியல" என்றார். 28 வருஷமாக இறங்கும் படி அது.

நல்லவேளையாக, கண்ணையும் காட்டிவிடலாம் என்று போனோம். இரண்டு கண்ணிலும் புரை. டாக்டர் பொறுமையாக விளக்கினார். புரை விழுந்த கண்ணுக்குள் வெளிச்சம் சிதறும், அதனால் பளிச்சென்ற விளக்கு கூசும். ஒரு நிறத்துக்கும் அதற்கு நெருக்கமான இன்னொரு நிறத்துக்கும் வித்தியாசம் தெரியாது. வெள்ளைத் தரையில் வெள்ளைப் படி இருந்தால் இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும். பளபளப்பான டைல்ஸில் விளக்கு பிரதிபலித்தால் தண்ணீர் கிடப்பது போலத் தெரியும். கடைசியாக ஒன்று சொன்னார். "சாருக்கு ஞாபகமெல்லாம் நல்லாத்தான் இருக்கு. பழைய வீட்டுல சிவப்புத் தரையும் கறுப்புக் கதவும் அவருக்கு வழி காட்டியிருக்கு. அதைத்தான் எடுத்துட்டீங்க."

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. 1991இல் நான்காம் வகுப்பில் நடந்த ஒன்று ஞாபகம் வந்தது.

தமிழ்நாடு வரைபடம் நடத்தினேன். எல்லையை வெள்ளை சாக்பீஸில் வரைந்தேன். காவிரியை ஆசையாக நீல சாக்பீஸில் வரைந்தேன். கடைசி பெஞ்சுப் பையன் ஒருவன் அழகாக எல்லையை வரைந்திருந்தான், ஆறு மட்டும் இல்லை. "காவிரியை எங்கடா விட்டே?" என்று கேட்டு, பீரியட் முடியும் வரை நிற்க வைத்தேன். மறுநாளும் அப்படியே செய்தான், மறுபடியும் நிற்க வைத்தேன். சில மாதம் கழித்துப் பள்ளிக்கு வந்த டாக்டர் அவன் கண்ணைப் பார்த்துவிட்டுக் கண்ணாடி போடச் சொன்னார். கறுப்புப் பலகையில் நீலம் நல்ல கண்ணுக்கே மங்கல்தான். அவனுக்கு அங்கே ஆறே இல்லை. அதன் பிறகு நான் நீல சாக்பீஸைத் தொடவில்லை. ஆனால் அவனிடம் மன்னிப்புக் கேட்கவும் இல்லை.

33 வருஷம் கழித்து அதே தப்பை வீட்டில் செய்திருக்கிறேன். பார்வை தெரியாதவரைக் கவனம் இல்லாதவர் என்று திட்டியிருக்கிறேன்.

இன்னொன்றும் உங்களுக்கு ஞாபகம் இருக்கலாம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கோவை இலையும் அடுப்புக்கரியும் அரைத்துக் கரும்பலகைக்குப் பூசுவோமே! அது மினுமினுப்பு இல்லாமல் கறுத்திருக்கும், எங்கே உட்கார்ந்தாலும் எழுத்து தெரியும். ஒரு வருஷம் யாரோ நல்ல மனசோடு பளபளவென்று எனாமல் பெயிண்ட் அடித்துக் கொடுத்தார்கள். ஜன்னல் வெளிச்சம் பட்டு, "டீச்சர், போர்டு மின்னுது!" என்று இடப்பக்க வரிசை முழுக்கக் கத்தினீர்கள். கலர் ஒன்றுதான், மேற்பூச்சுதான் வேறு. இவ்வளவும் தெரிந்தவள் வீட்டுக்கு என்று வரும்போது மறந்துவிட்டேன்.

சாருக்குச் சர்க்கரை கட்டுக்குள் வந்த பிறகுதான் ஆபரேஷன் என்றார்கள். அந்த இடைவெளியில் வீட்டை மாற்றினோம். வீடு கட்டுகிறவர்கள் இங்கிருந்து கவனியுங்கள்.

முதலில் விளக்கு. பெட்டியில் கெல்வின் என்று ஓர் எண் இருக்கும். 3000 என்றால் மஞ்சள் சாயல், 4000 நடுத்தரம், 6500 நீலம் கலந்த வெள்ளை. எங்கள் ஹாலில் இருந்த பத்தும் 6500. இப்போது ஹாலுக்கும் படுக்கை அறைக்கும் 3000, சமையல் மேடைக்கும் சார் பேப்பர் படிக்கும் இடத்துக்கும் 4000. பல்பு நேராகக் கண்ணில் படாதபடி மேலே பால்வெள்ளை மூடி போட்டோம். வயதானவர்களுக்கு வெளிச்சம் அதிகம் வேண்டும், ஆனால் கூசக் கூடாது. கட்டிலிலிருந்து பாத்ரூம் வரை, ஆள் நடந்தால் தானே எரியும் சின்ன விளக்குகள் மூன்றைக் கீழே சுவரில் வைத்தோம். சில நூறு ரூபாய்தான் ஆனது. செய்த வேலைகளிலேயே அதிகம் உதவியது இதுதான்.

அடுத்தது கலர். கடையில் காட்டும் சின்ன அட்டையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அதே கலர் பெரிய சுவரில் இன்னும் அழுத்தமாகத் தெரியும். சாம்பிள் வாங்கி ரெண்டடிக்கு ரெண்டடி அடித்து, காலையிலும் மதியத்திலும் ராத்திரி விளக்கிலும் பாருங்கள். விளக்கை முதலில் முடிவு செய்யச் சொல்வது இதனால்தான். எங்கள் சுவருக்கு வெளிர் சந்தன நிறம், கதவுக்கும் நிலைக்கும் பழைய காப்பி நிறம். ஒவ்வொரு நிறமும் எவ்வளவு வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும் என்பதற்குப் பூஜ்யத்திலிருந்து நூறு வரை ஓர் எண் உண்டு, எல்.ஆர்.வி. என்பார்கள். பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு நிறங்களுக்கு அதில் 30 வித்தியாசமாவது இருந்தால் மங்கலான கண்ணுக்கும் பிரிந்து தெரியும். இதைக் கேட்டதும் சாருக்கு உற்சாகம் வந்துவிட்டது. "சுவர் 68, கதவு 12. வித்தியாசம் 56. பாஸ்!" என்றார். பல மாதங்களுக்குப் பிறகு அவர் குரலில் பழைய வகுப்பறை கேட்டது.

மூன்றாவது மேற்பூச்சு. ஹாலுக்கும் அறைகளுக்கும் மினுமினுப்பு இல்லாத மேட் எமல்ஷன். அது சுவரின் மேடு பள்ளத்தையும் மறைக்கும். சமையலறைக்கு மட்டும் துடைக்க வசதியாக லேசான பளபளப்பு. பாத்ரூம் தரையைப் பெயர்த்து, சொரசொரப்பான கருஞ்சாம்பல் டைல்ஸ் போட்டோம். படி ஓரத்தில் மஞ்சள் பட்டை, சுவிட்ச் போர்டைச் சுற்றிக் காப்பி நிறத்தில் ஒரு கட்டம், சிவப்பு வாளி, சிவப்பு மக். ஹால் டைல்ஸை மாற்றக் காசு இல்லை. விளக்கை மாற்றியதிலேயே தரையில் "தண்ணீர்" பெருமளவு வற்றிவிட்டது. மகளுக்கு மஞ்சள் பட்டை பிடிக்கவில்லை. "அம்மா, பஸ் ஸ்டாண்டு மாதிரி இருக்கு" என்றாள். அப்பா அதில் கால் வைத்துத் தானாக இறங்கியதைப் பார்த்த பிறகு ஒன்றும் சொல்லவில்லை.

போன மாதம் வலது கண்ணுக்கு ஆபரேஷன் முடிந்தது. கட்டுப் பிரித்து வீட்டுக்கு வந்தவர் ஃபால்ஸ் சீலிங்கை அண்ணாந்து பார்த்து, "இது இவ்வளவு வெள்ளையா? நான் பழுப்புன்னுல்ல நினைச்சிட்டிருந்தேன்!" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "உனக்கு இவ்வளவு நரைச்சிடுச்சா?" என்றார். இருவரும் சிரித்தோம். அவரைத் திட்டியதற்கெல்லாம் அன்றைக்குத்தான் மன்னிப்புக் கேட்டேன். "விடும்மா, எனக்கே தெரியலையே" என்றார்.

மஞ்சள் பட்டையை எடுக்கவில்லை. எனக்கும் 66 ஆகிறது.

வீட்டில் பெரியவர்கள் டம்ளரைத் தட்டிவிட்டால், வாசலில் தயங்கி நின்றால், திட்டுவதற்கு முன் ஒரு தடவை கண்ணைக் காட்டுங்கள். பிறகு, ராத்திரி அவர்கள் நடக்கும் வழியில் நீங்களும் ஒரு தடவை கண்ணைப் பாதி மூடிக்கொண்டு நடந்து பாருங்கள். என்ன கலர் வேண்டும் என்று அந்த நடை சொல்லிவிடும்.

அந்தக் கடைசி பெஞ்சுப் பையன் இதைப் படிக்கிறானா தெரியாது. இப்போது நாற்பதைத் தாண்டியிருப்பான். அப்பா, உன் மேல் தப்பில்லை. டீச்சர்தான் உனக்குத் தெரியாத நிறத்தில் வரைந்துவிட்டேன். மன்னித்துக்கொள். ஒரு நாள் வீட்டுக்கு வா, சார் உன்னைப் பார்க்க வேண்டும் என்கிறார்.

என்றும் அன்புடன்,
உங்கள் டீச்சர்