மூன்று தரம் சொன்ன பிறகும்

கடலூர் முதுநகர்த் துறைமுகத்தில் காலை வேளையில் மீன் ஏலம் நடப்பதை நீங்கள் பார்த்திருக்கிறீர்களோ, என்னவோ! பார்த்திராவிட்டால் ஒரு நாள் அவசியம் போய்ப் பாருங்கள். மூக்கைப் பிடித்துக்கொண்டாவது பாருங்கள். சங்கராவும் வஞ்சிரமும் கூடை கூடையாகத் தரையில் வந்து உட்காரும். ஏலம் விடுகிறவர் மூச்சு விடாமல் தொகையைச் சொல்லிக்கொண்டே போவார். வாங்க வந்திருக்கும் பெண்கள் அந்தக் கூச்சலுக்கெல்லாம் மசிகிறவர்கள் அல்ல. குனிந்து ஒரு மீனை எடுத்துச் செவுளைத் தூக்கிப் பார்ப்பார்கள், சிவப்பாக இருக்கிறதா என்று. வயிற்றில் விரலால் ஓர் அழுத்து. கண்ணில் ஒரு பார்வை. பிறகுதான் விலை கேட்பார்கள். ஏலம் படிந்துவிட்டால் காரியம் முடிந்தது. "நேற்று வாங்கிய மீன் சரியில்லை, பணத்தைத் திருப்பிக் கொடு" என்று மறுநாள் ஒருத்தி வந்து நின்றால் துறைமுகமே கூடிச் சிரிக்கும். செவுளைத் தூக்கிப் பார்த்துத்தானே வாங்கினாள்?

செவுளைத் தூக்கிப் பார்க்க முடியாத ஏலம் ஒன்று இருக்கிறது. இணையத்தில் நடக்கிற ஏலத்தைத்தான் சொல்கிறேன். பொருள் சிதம்பரத்தில் அலமாரிக்குள் இருக்கும். கேட்கிறவர் மதுரையிலோ மலேசியாவிலோ இருப்பார். நடுவில் இருப்பது நாலு புகைப்படமும் பத்து வரி வர்ணனையுமே. நம் தேசத்தில் இந்த வியாபாரம் 2000-ஆம் ஆண்டில் 'பாஸீ' என்ற தளத்தோடு சூடு பிடித்தது. 2004-இல் அமெரிக்காவின் 'ஈபே' அதை விலைக்கு வாங்கிற்று. 2017-இல் ஈபேயின் இந்தியக் கிளை ஃபிளிப்கார்ட் வசம் போயிற்று. 2018 ஆகஸ்டில் கடையையே சாத்திவிட்டார்கள். அந்தக் கடையில் 'பைசாபே' என்று ஓர் ஏற்பாடு இருந்தது. வாங்குபவர் கட்டிய பணம் நேரே விற்றவர் கைக்குப் போகாது. பொருள் போய்ச் சேர்ந்ததா என்று பார்த்துக்கொண்டு இடையில் காத்திருக்கும். 'ஏலம் முடிந்தது' என்று மணி அடித்துவிட்டாலும் வியாபாரம் முடியவில்லை என்பதை ஒப்புக்கொண்ட ஏற்பாடு அது.

கடை மூடினாலும் ஏலம் ஓயவில்லை. நாணயம், தபால்தலை, பழைய கேமரா, இசைத்தட்டு என்று சேகரிக்கும் பித்துப் பிடித்தவர்கள் இருக்கிறவரையில் ஏதாவது ஒரு தளத்தில் அது நடந்துகொண்டுதான் இருக்கும். அப்படி ஒரு தளத்தில் விற்கிறவள் என் பெரியப்பா மகள். சிதம்பரம் கனகசபை நகரில் இருக்கிறாள். அத்தான் சம்பாதித்ததில் பாதியை அரிசி பருப்புக்கும் மீதியை இசைத்தட்டுக்கும் செலவழித்த மனிதர். மூன்று வருஷத்துக்கு முன்னால் அவர் கண்ணை மூடியபோது அக்காவுக்கு மிஞ்சியவை ஒரு சிறு பென்ஷன், இஞ்சினீயரிங் படிக்கும் ஒரு பிள்ளை, மூன்று அலமாரி இசைத்தட்டு. எல்லாம் நிமிஷத்துக்கு எழுபத்தெட்டுச் சுற்றுச் சுற்றுகிற பழைய அரக்குத் தட்டுகள். பக்கத்துக்கு மூன்று நிமிஷம் பாடும். கைதவறினால் அப்பளந்தான்.

வாரம் ஒரு தட்டாக ஏலம் போட ஆரம்பித்தாள். பிள்ளையின் ஸெமஸ்டர் பீஸ் அந்த அலமாரியிலிருந்துதான் வருகிறது என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

முதல் தகராறு வேடிக்கையானது. தட்டின் நிலைமையைச் சொல்லச் சேகரிப்பவர்களிடையே ஒரு பரிபாஷை உண்டு. அந்தப் பாஷையில் 'குட்' என்றால் நல்லது என்று அர்த்தம் அல்ல! கீறலும் கரகரப்பும் நிறைந்த தட்டுக்குத்தான் அந்தப் பட்டம். 'வெரி குட்' என்றால்கூட இரைச்சல் இருக்கும். அத்தானின் நோட்டுப் புஸ்தகத்தில் 'குட்' என்று இருந்ததை அக்கா அப்படியே போட்டுவிட்டாள். திண்டுக்கல்காரர் ஒருவர் வாங்கிப் போட்டுக் கேட்டிருக்கிறார். பாட்டைவிட மழைச் சத்தம் அதிகமாயிருந்ததாம். "நல்லது என்றுதானே எழுதியிருந்தீர்கள்?" என்று கேட்டார். யார் பக்கம் நியாயம்? 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டத்தில் 15-ஆவது பிரிவு என்ன சொல்கிறதென்றால், வர்ணனையைச் சொல்லி விற்கிற பொருள் அந்த வர்ணனைக்கு ஒத்திருக்கவேண்டும். ஆனால் யாருடைய பாஷையில் வர்ணனை? அக்கா அந்த ஆராய்ச்சியில் இறங்கவில்லை. தட்டைத் திருப்பி அனுப்பச் சொன்னாள். வந்ததும் பணத்தைக் கொடுத்தாள்.

நம் கடலூரிலேயே வர்ணனை சொல்லி நடந்த பெரிய வியாபாரம் ஒன்று உண்டு. 1690-இல் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை இங்கிலீஷ் கம்பெனியார் மராட்டியரிடமிருந்து வாங்கியபோது, 'பீரங்கிக் குண்டு போய் விழுகிற தூரம் வரையில்' என்பதுதான் எல்லை. சுட்டவர்கள் வாங்கியவர்கள், கேட்பானேன்? குண்டு விழுந்த வட்டத்துக்குள் அகப்பட்ட ஊர்களில் ஒன்று இன்றும் 'குண்டு உப்பலவாடி' என்றே பெயர் தாங்கி நிற்கிறது.

இரண்டாவது தகராறில் வேடிக்கை கிடையாது. எம்.எம். தண்டபாணி தேசிகர் பாடிய தட்டு ஒன்று. 1942-இல் வந்த 'நந்தனார்' படத்தில் கதாநாயகர். பிற்பாடு அண்ணாமலைப் பல்கலைக் கழகத்திலேயே இசை கற்பித்தவர். சிதம்பரத்து வீட்டில் அவர் தட்டுக்கு என்ன மதிப்பு என்று சொல்லவேண்டியதில்லை. மூவாயிரத்து இருநூறு ரூபாய்க்கு மதுரைக்காரர் ஒருவருக்கு ஏலம் படிந்தது. பார்சல் போயிற்று. பணம் வந்தது. வந்த பணம் மறுநாளே கல்லூரிக்குப் போய்விட்டது. ஐந்தாம் நாள் மதுரையிலிருந்து ஒரு படம்: தட்டின் குறுக்கே விளிம்பிலிருந்து லேபிள்வரையில் மயிரிழை போல ஒரு விரிசல்.

அக்கா எனக்கு டெலிபோன் செய்தாள். "தம்பி, நான் அனுப்பும்போது விரிசல் இல்லைடா. சத்தியமாக இல்லை."

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் எனக்கு ஒரு சிநேகிதர் இருக்கிறார். பழைய கேமராக்களைப் பழுது பார்த்து இதே மாதிரி ஏலத்தில் விற்பவர். சட்ட நுணுக்கம் கரைத்துக் குடித்தவர். அவரிடம் போனேன்.

"சார், உங்கள் அக்காவை ஒரு பைசா கொடுக்கவேண்டாம் என்று சொல்லுங்கள்" என்றார். "அதே 1930 சட்டம், 39-ஆவது பிரிவு. வாங்குபவருக்கு அனுப்புவதற்காகச் சரக்கைப் பார்சல்காரனிடம் கொடுத்துவிட்டால், வாங்கியவரிடமே கொடுத்த மாதிரி. வழியில் உடைந்தால் அவர் பாடு."

"அதே பிரிவில் அடுத்த வாக்கியமும் இருக்கிறதே!" என்றேன். பொருளின் தன்மைக்குத் தகுந்தபடி பார்சல்காரனோடு ஏற்பாடு செய்து அனுப்பவேண்டியது விற்றவரின் கடமை. அதைச் செய்யாமல் வழியில் சேதமானால், 'என்னிடம் கொடுத்ததாக நான் ஒப்புக்கொள்ள முடியாது' என்று வாங்கியவர் சொல்லலாம்.

சிநேகிதர் சளைக்கவில்லை. 2020 ஜூலையில் வந்த மின்வணிக விதிகளை எடுத்தார். குறையுள்ள பொருளையோ, விளம்பரத்தில் சொன்னபடி இல்லாத பொருளையோ திரும்ப எடுத்துக்கொள்ள மறுக்கக் கூடாது, பணத்தைத் திருப்பித் தர மறுக்கக் கூடாது என்று விற்பவரைக் கட்டிப்போடும் விதிகள் அவை. "ஆனால் வீட்டுச் சாமானைச் சொந்த முறையில் விற்கிற தனி மனிதர்களுக்கு அவை பொருந்தா. உங்கள் அக்கா வியாபாரியா என்ன? அத்தானின் தட்டைத்தானே விற்கிறார்?"

கெட்டிக்காரத்தனமான வாதம்! சிதம்பரம் போய் அக்காவிடம் அதைச் சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள். "வாராவாரம் விற்கிறேன். அதில்தான் பிள்ளை படிக்கிறான். இது வியாபாரம் இல்லை என்று எப்படிடா வாய் கூசாமல் சொல்வது?" என்றாள். வாஸ்தவந்தான். தொடர்ந்து, ஒழுங்கு முறையாகச் செய்கிற வியாபாரத்துக்கு அந்த விலக்கு இல்லை என்று விதியே சொல்கிறது. அக்கா விதியைப் படித்தவள் அல்ல. தவிர, அந்தத் தளத்தின் நிபந்தனையும் வழியில் உடைந்ததை விற்றவர் தலையில்தான் வைத்திருந்தது. கணக்குத் திறக்கும்போது அதற்குச் சம்மதித்துத்தானே உள்ளே போகிறோம்?

ஆனால் கேட்டவுடன் பணத்தை எடுத்து நீட்டிவிட அவள் தயாராயில்லை. அனுப்புமுன் எடுத்த படத்தையும் மதுரைப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். லேபிளின் ஓரத்தில் அத்தான் எப்போதோ சிந்திய காபிக் கறை. இரண்டிலும் ஒரே கறை. ஆகவே வேறு தட்டைக் காட்டி ஏமாற்றவில்லை. பிறகு, "பார்சல் பெட்டியைப் படம் எடுத்து அனுப்புங்கள்" என்று எழுதினாள். பெட்டியின் ஒரு மூலை அப்படியே நசுங்கியிருந்தது. அதற்கு மேல் அவளுக்கு விசாரணை வேண்டியிருக்கவில்லை. கல்லூரிக்குப் போன பணம் திரும்பி வராது. சீட்டுக் கட்ட வைத்திருந்த தொகையை எடுத்துத் தளத்தின் வழியாகவே முழுப் பணத்தையும் அனுப்பினாள். உடைந்த தட்டைத் திருப்பி அனுப்பச் சொல்லவில்லை. அதற்கு வேறு தபால் கூலியா? அந்த மாதம் அந்த வீட்டில் மோரும் ஊறுகாயுந்தான் என்று பிள்ளை என்னிடம் சொன்னான். அக்கா சொல்லவில்லை.

"இனிமேல் ஊரெல்லாம் விரிசல் கிளம்பும், பாருங்கள்" என்றார் கடலூர்ச் சிநேகிதர். அவருக்குக் கோபம் இருக்க நியாயம் உண்டு. ஒரு தடவை நல்ல கேமராவை வாங்கிய ஒருவர், 'ஓடவில்லை' என்று சொல்லி, தம்மிடம் முன்னமே இருந்த ஓட்டைக் கேமராவைத் திருப்பி அனுப்பியிருக்கிறார். சிநேகிதர் லென்ஸில் உள்ள எண் தெரியும்படி படமெடுத்து, பெட்டி கட்டுவதையும் வீடியோவாகப் பிடித்து வைத்திருந்ததனால் பிழைத்தார். எண்ணைக் காட்டியதும் தளத்தார் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னார்கள். அன்று முதல் திரும்பி வரும் பார்சலைப் பிரிப்பதையும் அவர் வீடியோவில் பிடிக்காமல் விடுவதில்லை. அக்காவின் காபிக் கறையும் அவருடைய லென்ஸ் எண்ணும் ஒரே வேலையைத்தான் செய்தன. இருவரும் அதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

'பாதிப் பணம் கொடுங்கள், பொருளை வைத்துக்கொள்கிறேன்' என்பவர்கள் இன்னொரு ரகம். அவர்களில் நிஜமாகவே மனம் குறைந்தவர்களும் உண்டு. அதையே பிழைப்பாக வைத்திருப்பவர்களும் உண்டு. என் அபிப்பிராயத்தில், குறையைப் படத்தில் காட்டியவர்களோடு பேரம் பேசலாம். படமே அனுப்பாமல் தொகையை மட்டும் சொல்கிறவர்களிடம், 'பொருளை அனுப்புங்கள், முழுப் பணமும் தருகிறேன்' என்று சொல்லிவிடுவதே உத்தமம். பெரும்பாலும் அதற்குப் பதில் வராது.

எல்லாவற்றையும்விட மோசமான ஆசாமி அக்காவைத் தேடி இந்த வருஷம் வந்தான். "ஏலத் தொகையோடு தவறுதலாக ஐயாயிரம் அதிகம் போட்டுவிட்டேன், அம்மா! மீதியைத் திருப்பி அனுப்புங்கள்" என்று பரிதாபமாக டெலிபோன். பாங்கிலிருந்து வந்தது போலவே ஒரு செய்தியும் வந்தது. கூடவே ஒரு கட்டப் படம்: 'இதை ஸ்கேன் செய்து ரகசிய எண்ணைப் போட்டால் கணக்கு நேராகிவிடும்.' யு.பி.ஐ.யில் பணம் வாங்க ரகசிய எண் தேவையே இல்லை; எண்ணைப் போட்டால் பணம் நம்மை விட்டுப் போகிறது என்று அர்த்தம். அக்காவுக்கு இது தெரியும். பாங்குக் கணக்கைத் திறந்து பார்த்தாள்; அதிகமாக ஒரு காசும் வந்திருக்கவில்லை. தளத்துக்கு வெளியே எந்தப் பணமும் திருப்ப மாட்டேன் என்று சொல்லி டெலிபோனை வைத்தாள். இப்படி யாராவது உங்களிடம் பறித்துவிட்டால் உடனே 1930-க்குப் பேசுங்கள். இணைய மோசடிக்கான எண் அதுதான். விற்றவர் பணம் தர மறுத்தால் பேசவேண்டியது 1915, நுகர்வோர் உதவி எண். மேலும் 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி, வாங்கியவர் தாம் குடியிருக்கும் ஜில்லாவிலேயே வழக்குப் போடலாம். அதாவது, மதுரைக்காரர் நினைத்திருந்தால் அக்காவை மதுரைக்கே இழுத்திருக்கலாம்!

இப்போது அக்கா தட்டுகளைக் கட்டுகிற விதமே வேறு. தட்டை விட அகலமான இரண்டு கெட்டி அட்டைகள், நடுவே தட்டு, சுற்றிலும் கசக்கிய செய்தித்தாள், அதற்குமேல் பெட்டி. உலுக்கிப் பார்த்தால் உள்ளே எதுவும் அசையக் கூடாது. 'குட்' பட்டம் எல்லாம் போய்விட்டது. தமிழில் எழுதுகிறாள்: "முதல் பக்கம் சுமாரான இரைச்சல். இரண்டாம் பக்கம் நடுவில் ஓர் இடத்தில் ஊசி துள்ளும். லேபிளில் கறை உண்டு. விரிசல் இல்லை, வெயிலில் பிடித்துப் பார்த்தேன்." இப்படி எழுதினால் யார் கேட்பார்கள் என்று கடலூர்ச் சிநேகிதர் சிரித்தார்.

சென்ற வாரம் அப்படி எழுதிப் போட்ட ஒரு தட்டுக்கு மதுரைக்காரரே ஏலம் கேட்டார். கடைசி நிமிஷத்தில் சேலத்துக்காரர் ஒருவர் ஐம்பது ரூபாய் கூடக் கேட்டு எடுத்துக்கொண்டு போய்விட்டார்.