மெடிக்கல் ஷாப் ஆஃபர் கூடை: எதை எடுக்கலாம், எதை விடணும்?

1/ மெடிக்கல் ஷாப்ல பில் போடுற இடத்துக்குப் பக்கத்துல ஒரு கூடை இருக்கும். "50% தள்ளுபடி", "ஒண்ணு வாங்கினா ஒண்ணு ஃப்ரீ". சன்ஸ்கிரீன், ஷாம்பு, வைட்டமின், சுகர் ஸ்ட்ரிப் எல்லாம் கலந்து கிடக்கும். "இதுல வாங்கலாமா டாக்டர்?"னு நிறைய பேர் கேக்குறீங்க. வாங்கலாம். ஆனா எல்லாத்தையும் இல்ல.

2/ ஏன் விலையைக் குறைக்கிறாங்க? சில சமயம் கம்பெனி டப்பாவை மாத்தியிருக்கும், பழைய சரக்கு தீரணும். அப்படின்னா உங்களுக்கு லாபம். சில சமயம் எக்ஸ்பைரி நெருங்கியிருக்கும். அப்போ ஒரு கணக்கு போடணும்.

3/ வாங்குற நாளை வச்சுப் பார்க்காதீங்க, தீர்ந்துபோற நாளை வச்சுப் பாருங்க. 60 வைட்டமின் மாத்திரை, தினம் ஒண்ணுன்னா ரெண்டு மாசம் ஓடும். எக்ஸ்பைரிக்கு ஒரு மாசம்தான் இருக்குன்னா பாதி டப்பா குப்பைக்குத்தான். 50% தள்ளுபடியில மிச்சம் பூஜ்யம்.

4/ யோசிக்காம எடுக்கக்கூடியவை: பஞ்சு, நாப்கின், டயப்பர், டூத் பிரஷ், வெந்நீர் பை. பாக்கெட் பிரியாம, நனையாம இருந்தா போதும்.

5/ கிரீம், சன்ஸ்கிரீன் வாங்கும்போது திறந்த டப்பா மாதிரி ஒரு சின்னப் படம் இருக்கான்னு பாருங்க. உள்ளே "12 எம்"னு இருந்தா, திறந்த பிறகு 12 மாதம்னு அர்த்தம். ஆனா எக்ஸ்பைரி அதுக்கு முன்னாடியே வந்தா அதுதான் கணக்கு.

6/ இப்போ முக்கியமான விஷயம். ஒரு அம்மா வந்தாங்க. வீட்டு மெஷின்ல சுகர் 150ஐத் தாண்டல. லேப்ல 260. நல்லாத்தானே இருக்குன்னு மாத்திரையை அவங்களே பாதியா குறைச்சிருந்தாங்க. ஸ்ட்ரிப் டப்பாவைக் கொண்டுவரச் சொன்னேன். பாதி விலைக்கு வாங்கினது, தேதி முடிஞ்சு நாலு மாசம்.

7/ ஸ்ட்ரிப்ல இருக்கிறது ஒரு என்சைம். நாளாக ஆக, ஈரக்காத்து பட, அது கெட்டுப்போகும். ஆனா மெஷின் ஏதோ ஒரு நம்பர் காட்டும், நாமும் நம்பிடுவோம். மிச்சமான காசைவிட அந்தப் பொய் நம்பருக்கு விலை அதிகம்.

8/ அதனால கூடையில பார்த்தாலும் விட்டுட வேண்டியவை: தேதி நெருங்கின சுகர் ஸ்ட்ரிப், இன்சுலின், இன்ஹேலர், கண் சொட்டு மருந்து, நெஞ்சுவலிக்கு நாக்குக்கு அடியில வைக்கிற மாத்திரை. இன்சுலின் கடையில 2 முதல் 8 டிகிரிக்குள்ள ஃப்ரிட்ஜ்ல இருக்கணும். வெளியே கூடையில இருந்தா, தேதியே பார்க்க வேண்டாம்.

9/ தேதி முடிஞ்ச மறுநாளே மருந்து விஷமாயிடும்னு பயப்படாதீங்க. அந்த நாள் வரைக்கும்தான் முழு வீரியத்துக்குக் கம்பெனி உத்தரவாதம். சாதாரண சோப்புல அது பெரிய விஷயமில்ல. உயிரைக் காக்குற மருந்துல அதுதான் விஷயமே.

10/ ஆஃபர் ஸ்டிக்கர் தேதியை மறைச்சிருந்தா எடுத்துக்காட்டச் சொல்லுங்க. பில் கேளுங்க. வீட்ல அப்பா அம்மாவுக்கு சுகர் இருந்தா, அந்த ஸ்ட்ரிப் டப்பாவை இன்னைக்கே ஒருதரம் திருப்பிப் பாருங்க.