தேரிமணலும் சகாரா ஓட்டமும்

திருச்செந்தூர் பக்கம் வந்தவங்க செக்கச்செவேல்னு ஒரு மணல்காட்டைப் பார்த்திருப்பீங்க. அதுதான் எங்க தேரி. மண்ணுல இரும்பு கலந்திருக்கறதால அந்த நிறம். ஆனி, ஆடிக் காத்துல இன்னைக்கு இங்க இருக்கிற மேடு நாளைக்குத் தள்ளிப் போயிருக்கும். பனையும் கொல்லாமரமும் நிக்கிற இடத்துல மட்டும் மணல் கொஞ்சம் அடங்கிக் கிடக்கும்.

அந்தத் தேரியில ஒரு மாசமா ஒருத்தன் மத்தியான வெயில்ல, முதுகுல பையைக் கட்டிக்கிட்டு ஓடுறான். என் அக்கா மகன்தான். பெங்களூருல கம்ப்யூட்டர் வேலை, வயசு 34. ஊர்ல பாதிப்பேரு அவனுக்குக் கிறுக்குன்னே முடிவு பண்ணிட்டாங்க. டீக்கடையில என்கிட்ட விசாரிக்கிறாங்க. அவங்களுக்குச் சொன்னதைத்தான் உங்களுக்கும் எழுதுறேன்.

ஏப்ரல் மாசம் மொராக்கோ நாட்டுல, சகாரா பாலைவனத்துல ஒரு ஓட்டப் பந்தயம். பேரு மாரத்தான் டே சாப்ல். சாப்ல்னா பிரெஞ்சுல மணல். பாத்ரிக் பவர்னு ஒரு பிரெஞ்சுக்காரர் 1984-ல அல்ஜீரியா பாலைவனத்துல தனியா 12 நாள்ல 350 கிலோமீட்டர் நடந்தாராம். அந்த அனுபவத்தை வச்சு 1986-ல 23 பேரோட இந்தப் பந்தயத்தைத் தொடங்கியிருக்கார். இப்ப சுமார் ஆயிரம் பேரு ஓடுறாங்க. மொத்தம் சுமார் 250 கிலோமீட்டர், ஒரு வாரம். அதுல ஒரு கட்டம் மட்டும் 80 கிலோமீட்டருக்கு மேல. ராத்திரியும் நெத்தியில விளக்கைக் கட்டிக்கிட்டு ஓடணும். தண்ணியும் படுக்கக் கூடாரமும் அவங்க தருவாங்க. மத்தபடி ஒரு வாரத்துச் சாப்பாடு, படுக்கை, கத்தி, திசைகாட்டி எல்லாம் அவனவன் முதுகுலதான். தண்ணி சேர்க்காம பை ஆறரைக் கிலோவுக்குக் குறையக்கூடாது, 15 கிலோவுக்கு மேல போகக்கூடாது.

“மாமா, ஏசி ஆபீஸ்ல இருந்து நேரா அங்க போனா முதல் நாளே விழுந்துருவேன். உடம்பு வெயிலுக்குப் பழகணும்”னு சொல்லிக்கிட்டு வந்தான். அதுக்கு ஒரு கணக்கு இருக்கு. தினமும் வெயில்ல வேலை செஞ்சா 10 நாள்லேர்ந்து 14 நாளுக்குள்ள உடம்பு மாறிடுமாம். ரத்தத்துல தண்ணிச்சத்து கூடும், வேர்வை சீக்கிரமே வர ஆரம்பிக்கும், அதுல போற உப்பு குறையும். கோடை விடுமுறைக்கு வர்ற பேரப்பிள்ளைக முதல் வாரம் சுருண்டு கிடந்துட்டு, ரெண்டாவது வாரம் கிட்டிப்புள் ஆடுறதை நாம பார்த்திருக்கோம்ல, அதேதான்.

ஒரே ஒரு வித்தியாசம். எங்க வெயில் கடல்காத்து கலந்தது, சட்டை நனையும். சகாரா காத்து காய்ஞ்சது, வேர்வை வந்ததே தெரியாம ஆவியாகிடும். எவ்வளவு தண்ணி போச்சுன்னு ஆளுக்குத் தெரியாது. அதுக்குன்னு வெறும் தண்ணியைக் குடிச்சுக்கிட்டே இருந்தாலும் ஆபத்து. ரத்தத்துல உப்பு நீர்த்துப்போய் மயக்கம் வரும், சமயத்துல உயிருக்கே ஆபத்தாகும். அங்க உப்பு மாத்திரை எடுத்துக்குவாங்களாம். இங்க இருக்கிற வரைக்கும் என் வீட்டுக்காரி உப்புப்போட்ட நீராகாரத்தைத்தான் ஒரு செம்பு நிறையக் குடுத்து அனுப்புறா.

முதல் நாலு நாள் மணல் அவனை நல்லாப் படுத்திடுச்சு. ஒரு அடி வச்சா அரை அடி பின்னால இழுக்கும். முன்னங்காலை ஊன்றி உந்தினா குழிதான் விழும். பனையேறிக நடக்கறதைப் பார்த்துத்தான் கத்துக்கிட்டான்: சின்னச் சின்ன அடி, பாதம் முழுசும் பதியணும், மேட்டுல நேரா ஏறாம சாய்வா ஏறணும். ஓட ஓடக் கால் வீங்கும்னு ஒரு அளவு பெரிய ஷூ வாங்கியிருக்கான். மணல் உள்ள போகாம இருக்க ஷூவைச் சுத்தி ஒரு துணி உறை மாட்டணும். அது ஒட்டுறதுக்கான பட்டையை எங்க பஜார்ல செருப்புத் தைக்கிறவர்தான் தைச்சுக் குடுத்தார். “சகாராவுக்குப் போற ஷூவுக்குக் கூலி வேண்டாம்”னுட்டார்.

சாப்பாடு, ஒரு நாளைக்கு 2,000 கலோரிக்குக் குறையாம கையில இருக்கணும்னு விதி. எடையும் கூடக்கூடாது. 100 கிராம் நிலக்கடலையில 560 கலோரிக்கு மேல இருக்கு. அதனால கருப்பட்டி போட்ட கடலைமிட்டாயும் மாவு உருண்டையும்தான் பையில பாதி. உடன்குடிக் கருப்பட்டி சகாரா போகுது.

இப்ப விஷயத்துக்கு வாரேன். எதுக்கு இந்தப் பாடு?

என் தம்பி பனையேறி. 2011 வைகாசியில, விடியக்காலம், 50 அடி உசரத்துல கையில பிடிச்ச மட்டை கழண்டு விழுந்துட்டான். ஆடு மேய்க்க வந்தவங்க சத்தம் கேட்டுப் போய்ப் பார்க்க ரெண்டு மணி நேரம் ஆச்சு. கையையும் காலையும் பிடிச்சுத் தூக்கி, பைக்குல ரெண்டு பேருக்கு நடுவுல உட்கார வச்சுக் கொண்டு போனாங்க. எல்லாரும் நல்ல மனசோட செஞ்சதுதான். முதுகுத்தண்டுல அடிபட்டவனை வளைக்காம, பலகையில கிடத்தித்தான் கொண்டு போகணும்னு ஆஸ்பத்திரியில சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். பலகையில கொண்டு போயிருந்தா நடப்பானான்னு யாராலயும் சொல்ல முடியல. இடுப்புக்குக் கீழ உணர்ச்சி இல்ல. ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா புரட்டிப் படுக்க வைக்கணும், இல்லன்னா புண்ணு வந்துரும். இப்ப சக்கர நாற்காலியில உட்கார்ந்து கருப்பட்டிக்கு ஓலைப்பெட்டி முடையிறான்.

மருமகன் ஓடுறது அவனை மாதிரி ஆளுங்களுக்காகத்தான். கிலோமீட்டருக்கு இவ்வளவுன்னு கூட வேலை பார்க்கிறவங்க சொல்லியிருக்காங்க. கிலோமீட்டருக்கு 10 ரூபாய்னா முழுசா முடிச்சா 2,500. ஒருத்தர் 100 ரூபாய் சொல்லியிருக்கார், 25,000. பணம் நேரா ஒரு அறக்கட்டளைக் கணக்குக்குப் போகுது. அதுல சக்கர நாற்காலி, நீர்ப்படுக்கை, அப்புறம் பனைத்தொழில் நடக்கிற ஊருக்கு ஒரு தூக்குப்பலகையும், அடிபட்டவனைத் தூக்கப் பயிற்சியும். பந்தயக் கட்டணமும் விமான டிக்கெட்டும் இவன் சொந்தச் சம்பளம்.

“அந்தக் காசையும் அப்படியே குடுத்துட்டுச் சும்மா இருந்திரலாமே மாப்ளே”ன்னு கேட்டேன்.

“குடுத்தா என் காசு மட்டும்தான் மாமா வரும். ஓடினா முந்நூறு பேரு காசு வரும்”னான்.

பதில் சரிதான். ஆனா எனக்கு ஒரு வருத்தம் இருக்கு. தினமும் 40 பனை, ஒவ்வொண்ணும் 50 அடி, ரெண்டு வேளை. கணக்குப் பார்த்தா ஒரு நாளைக்கு 4,000 அடி ஏற்றம், அதே 4,000 அடி இறக்கம். மாசியில தொடங்கினா நாலு மாசம். அவனுக்குக் கிலோமீட்டர் கணக்குல யாரும் பணம் எழுதல. ஒரு வாரம் கஷ்டப்படுறவனை உலகம் பார்க்குது, தினமும் கஷ்டப்படுறவனை யாரும் பார்க்கறதில்ல. அவன் படுற பாட்டுக்கு வேலைன்னு ஒரு பேரு இருக்கு, அவ்வளவுதான்.

ரொம்ப நாள் யோசிச்சப்ப குலசை தசரா ஞாபகம் வந்துச்சு. குலசேகரன்பட்டினம் முத்தாரம்மனுக்கு விரதம் இருந்து வேஷம் கட்டுறவங்க வீடு வீடாப் போய்க் காணிக்கை எடுப்பாங்க. வசதியானவன் பிச்சைக்கார வேஷம் கட்டி நிப்பான். நல்ல சட்டை போட்டு வந்து கேட்டா யாரு குடுப்பா? விரதத்துல வாடின முகத்தைப் பார்த்துத்தான் கை மடிக்குப் போகுது. “எடுத்த காணிக்கையில ஒரு டீ குடிச்சாலும் விரதம் கெட்டுச்சு”ன்னு எங்க அப்பா சொல்லுவார். அவ்வளவும் அம்மன் உண்டியலுக்கு. மருமகன் கட்டியிருக்கிறதும் ஒரு வேஷம்தான். தானா எழுந்து வந்து கேட்க முடியாதவனுக்காக, தன் உடம்பை வருத்திக்கிட்டுக் கை நீட்டுறான். பாலைவனம் சகாராவா இருந்தா என்ன, வழக்கம் நம்ம வழக்கம்தான்.

தம்பி அவன்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேட்டான்: “ஏல மாப்ளே, அங்க நீ விழுந்தா யாரு தூக்குவா?”

ஒவ்வொருத்தன் பையிலயும் இருக்கிற இடத்தைக் காட்டுற கருவி உண்டு, பட்டனை அமுக்கினா டாக்டர் வருவார், ஹெலிகாப்டரும் இருக்குன்னு அவன் விவரமாச் சொன்னான். 1994-ல மாரோ ப்ரோஸ்பெரின்னு ஒரு இத்தாலிக்காரர் மணல்புயல்ல வழி தவறி, ஒம்பது நாளுக்கு அப்புறம் அல்ஜீரியாவுல உயிரோட கிடைச்ச கதையையும் சொன்னான். தம்பி எல்லாத்தையும் கேட்டுட்டு, “பரவாயில்ல, பாலைவனத்துல அவ்வளவு ஏற்பாடு இருக்கு”ன்னு சொல்லிட்டு ஓலையைக் கையில எடுத்துக்கிட்டான். அதுக்கு மேல ரெண்டு பேரும் பேசல.

முதல் பலகை போன வாரம் வந்துட்டுது. நாலு பட்டையும் கழுத்துக்குத் தாங்கலும் இருக்கு. சாயங்காலம் பனையேறிக 11 பேரு வந்து, ஒருத்தரைக் கிடத்தித் தூக்கிப் பழகினாங்க. கழுத்தை எப்படிப் பிடிக்கணும், எத்தனை பேரு சேர்ந்து ஒரே நேரத்துல புரட்டணும்னு தம்பிதான் நாற்காலியில இருந்து சொல்லிக் குடுத்தான். பயிற்சி குடுக்க வந்தவர்கிட்ட அவன் முன்னாடியே கத்து வச்சிருந்தான்.

பலகையை இப்ப பதநீர் காய்ச்சுற கொட்டகையில, கதவுக்குப் பக்கத்துல சாத்தி வச்சிருக்கோம். இந்தப் பருவம் முழுக்க அது அங்கேயே தூசி படிஞ்சு கிடக்கணும்.