எதில் நின்று வளர்ந்தோம்?

சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏற்காட்டிற்கு ஏறி, அங்கிருந்து செம்மநத்தத்திற்கு வந்தால் எங்கள் சிறிய காப்பித் தோட்டம் இருக்கிறது. சென்ற கோடை விடுமுறையில் என் மகளும் பேரனும் அங்கே வந்திருந்தார்கள். பேரன் பத்தாம் வகுப்பில் தேறியவன். பதினொன்றாம் வகுப்பில் எந்தப் பிரிவில் சேர்வது என்னும் கேள்வியும் அவர்களுடன் மலையேறி வந்திருந்தது. கணிதமும் உயிரியலும் சேர்ந்த பிரிவுதான் என்று மகளும் மருமகனும் முடிவு செய்திருந்தனர். பையனுக்கோ வரலாற்றில் நாட்டம்.

"முதலில் இதில் சேர்ந்துகொள். பிடிக்காவிட்டால் பிறகு மாற்றிக்கொள்ளலாம்" என்றாள் மகள்.

அவன் மறுமொழி கூறாமல் செல்பேசியை எடுத்துக்கொண்டு திண்ணைக்குப் போய்விட்டான். அந்த வாசகம் என்னை ஏன் சுட்டது என்பதைப் பின்னர் சொல்லுகிறேன்.

அஸர் தொழுதுவிட்டு நானும் திண்ணைக்குப் போனேன். அவன் ஏதோ ஒரு விளையாட்டில் மூழ்கியிருந்தான். எனக்கு இத்தகைய விளையாட்டுகளின்மேல் நல்லெண்ணம் கிடையாது. ஆயினும் கண்டிக்கும் முன் கேட்டறிவது முறை என்று எண்ணி, "இது என்ன தம்பி?" என்றேன்.

"பைனல் பேண்டசி டாக்டிக்ஸ், நன்னா" என்றான்.

1997இல் ஜப்பானின் ஸ்கொயர் நிறுவனம், யாசுமி மட்சுனோ என்பவரின் இயக்கத்தில் வெளியிட்ட விளையாட்டு அது. பிற்பாடு செல்பேசிக்கும் வந்திருக்கிறது. சதுரங்கம் போலவே கட்டங்கள்; முறை வைத்துக் காய்களை நகர்த்த வேண்டும். ஆனால் சதுரங்கக் குதிரை என்றைக்கும் குதிரைதான். இங்கோ ஒவ்வொரு காயும் ஓர் ஆள். அவனுக்கு ஒரு தொழிலை நாம் தெரிந்தெடுத்துக் கொடுக்கிறோம். வீரன், வில்லாளி, மந்திரவாதி, பாணன் எனத் தொழில்கள் பல. அனுபவம் சேரச் சேர அவன் படி உயர்கிறான். படி உயரும்போதெல்லாம் உயிர்வலு, வேகம், உடல்வலு, மந்திரவலு ஆகியவை சிறிது சிறிதாகக் கூடுகின்றன. வேண்டும்போது தொழிலை மாற்றிக்கொள்ளவும் இடமுண்டு.

"மாற்றிக்கொள்ளலாம் என்றால் எதை எடுத்தால் என்ன?" என்று கேட்டேன்.

அவன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். "அங்கேதான் நன்னா விஷயம் இருக்கிறது" என்று, ஒரு பழைய நோட்டில் எழுதி வைத்திருந்த கணக்கைக் காட்டினான். கணக்கு என்றால் நான் விடமாட்டேன் என்பது அவனுக்குத் தெரியும்.

ஒவ்வொரு தொழிலும் ஒருவனுக்கு இரண்டு வகையில் வலுச் சேர்க்கிறதாம். முதலாவது, அத்தொழிலில் இருக்கும்வரை மட்டும் கிடைக்கும் பெருக்கம். கருப்பு மந்திரவாதியாக இருப்பவனின் மந்திரவலு 150 விழுக்காடாகப் பெருகித் தோன்றும். தொழிலை விட்டதும் அந்தப் பெருக்கமும் போய்விடும். இரண்டாவது, வளர்ச்சி. ஒரு படி உயரும்போது, எந்தத் தொழிலில் இருக்கிறானோ அத்தொழிலுக்குரிய ஓர் எண்ணோடு அவனுடைய படி எண்ணைக் கூட்டி, கையிருப்பில் உள்ள வலுவை அந்தத் தொகையால் வகுத்து, வந்த ஈவை அவ்வலுவோடு சேர்க்கிறார்கள். தொழிலுக்குரிய எண் சிறிதானால் வளர்ச்சி பெரிது. வேகத்திற்குப் பெரும்பாலான தொழில்களில் அவ்வெண் 100. நிஞ்ஜா என்னும் மறைபடை வீரனுக்கு 80. உயிர்வலுவிற்கு வீரனுக்கு 10, பாணனுக்கு 20. ஆகவே பாணனாகவே பல படி ஏறியவனை ஒருநாள் வீரனாக்கினால், அவன் கவசம் அணிவான். ஆனால் வீரனாகவே வளர்ந்தவனுக்குள்ள உயிர்வலு அவனிடம் இராது.

பெருக்கம் சட்டையைப் போன்றது; கழற்றலாம், மாட்டலாம். வளர்ச்சி எலும்பைப் போன்றது; எதில் நின்று வளர்ந்தானோ அது அவனோடேயே இருந்துவிடுகிறது. இவ்விரண்டும் ஒன்றுபோலவே இருக்க வேண்டும் என்பதுமில்லை. மந்திரவாதிக்குப் பெருக்கம்தான் மிகுதி. அவனுடைய மந்திரவலுவின் வளர்ச்சியோ பெரும்பாலான தொழில்களில் உள்ளதைப் போன்றதே. வெளிப்பார்வைக்குப் பெரிதாகத் தெரியும் தொழிலே உள்ளிருப்பவனையும் பெரிதாக வளர்க்கும் என்பதற்கு உறுதியில்லை.

"அப்படியானால் தவறான தொழிலில் கழித்த காலம் வீண்தானா?" என்று கேட்டேன்.

வீண் இல்லை என்றான். ஒரு தொழிலில் கற்ற வித்தைகளில் சிலவற்றை அடுத்த தொழிலுக்கும் எடுத்துச் செல்லலாம். அன்றியும், மிதித்தால் படியைக் குறைத்துவிடும் ஒரு பொறி அவ்விளையாட்டில் உண்டு. வளர்ச்சி குறைந்த தொழிலில் இருந்துகொண்டு அதை மிதித்தால் இழப்பும் குறைவு. அவ்வாறு கீழே இறங்கி, நல்ல தொழிலுக்கு மாறி மீண்டும் ஏறுவோரும் இருக்கிறார்களாம்.

அந்தப் பொறி எனக்குக் கிடைத்திருந்தால் என்று ஒரு கணம் நினைத்தேன்.

1971இல், எனக்குப் பதினாறு வயதில், என் அத்தா என்னைச் சேலத்தில் ஒரு மண்டியில் கணக்கெழுதச் சேர்த்தார். எனக்குத் தமிழ் படிக்க ஆசை. "இப்போதைக்கு இது, பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்றார். இருபத்திரண்டு ஆண்டுகள் கழித்தே அங்கிருந்து வெளியே வந்தேன். இந்தத் தோட்டத்தை வாங்கிய பின்னர், மாலை வேளைகளில் ஆசையோடு எழுத உட்கார்ந்தேன். எழுதியவை எல்லாம் வரவு செலவு போலவே இருந்தன. காப்பி விலை விழுந்த ஆண்டுகளில் தோட்டம் கைவிட்டுப் போகாமல் காத்தது மண்டியில் கற்ற கணக்குத்தான். அதை நான் மறுக்கமாட்டேன். வித்தை கூட வந்தது. ஆனால் வளர்ந்தது வேறொன்றாக இருந்தது.

இவ்வளவும் பட்டறிந்த நான் செய்தது என்ன? 1999இல் என் மகள் இலக்கியம் படிக்க வேண்டும் என்றாள். வணிகவியல் பிரிவில் சேர்த்துவிட்டு, "பிடிக்காவிட்டால் பிறகு மாற்றிக்கொள்ளலாம்" என்றேன். அவள் மாற்றிக்கொள்ளவில்லை. பட்டம், திருமணம், பிள்ளை, ஓர் அலுவலகத்தில் கணக்கு வேலை என்று வாழ்க்கை போய்விட்டது. என் வாசகத்தைத்தான் இப்போது அவள் தன் மகனுக்கு எடுத்துக் கொடுக்கிறாள்.

மறுநாள் காலை பேரன் என்னோடு தோட்டத்திற்கு வந்தான். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் துரை இம்மலைக்குக் கொண்டுவந்த பயிர் காப்பி. ஒரே விதையில் முளைத்த இரு நாற்றுகளை அவனுக்குக் காட்டினேன். நிழல் மிகுந்த இடத்தில் நட்டது ஒல்லியாக உயர்ந்து, காய் குறைந்து நின்றது. அளவான நிழலில் நட்டது, கவாத்து செய்த பின் பக்கக் கிளைகள் படர்ந்து நிறையக் காய்த்திருந்தது.

"அப்படியானால் எல்லாம் இடத்தைப் பொறுத்ததுதானா, நன்னா?" என்றான்.

"விதையும் உண்டே, தம்பி" என்றேன்.

உடனே அவன் வேறொரு விளையாட்டைப் பற்றிச் சொன்னான். நிண்டெண்டோவிற்காக 1990இல் தொடங்கிய பயர் எம்பிளம் என்னும் வரிசையில் ஒவ்வோர் ஆளுக்கும் பிறவியிலேயே வளர்ச்சி வீதம் உண்டு. 2019இல் வந்த திரீ ஹவுசஸ் போன்றவற்றில் தொழிலின் வீதமும் அதனோடு கூட்டப்படுகிறது. ஒருவனுக்கு உடல்வலுவில் இயல்பு 40, தொழில் தருவது 10 என்றால், படி உயரும்போது வலு கூடுவதற்கு நூற்றுக்கு 50 வாய்ப்பு. இயல்பு 10 மட்டுமே உள்ளவனை அதே தொழிலில் நிறுத்தினால் வாய்ப்பு 20தான்.

"அங்கே எண்ணைப் பார்க்கலாம். என்னுடைய எண் எவ்வளவு என்று எப்படித் தெரிந்துகொள்வது?" என்று கேட்டான்.

அதற்கு என்னிடம் கணக்கு இல்லை. "நேரம் போவது தெரியாமல் எதைச் செய்கிறாய் என்று நீயே பார். பெற்றவர்களும் பார்க்க வேண்டும். வேறு வழி எனக்குத் தெரியவில்லை" என்றேன்.

அன்று இஷாவிற்குப் பின் மகளை அழைத்து உட்கார வைத்தேன். மண்டிக் கதையை அவள் அறிவாள். 1999இல் நடந்ததைப் பற்றி நாங்கள் இருவரும் அதுவரை பேசியதே இல்லை. "அது என் தவறும்மா" என்றேன். அவள் நெடுநேரம் ஒன்றும் சொல்லவில்லை.

"பிழைப்புக்கு வழி வேண்டாமா, அத்தா?" என்று கடைசியில் கேட்டாள்.

"வேண்டும். அதையும் அவனிடமே சொல். வரலாறு படித்தால் என்ன வேலை கிடைக்கும், என்ன கிடைக்காது என்று எல்லாவற்றையும் எடுத்துச் சொல். ஆனால் பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று மட்டும் சொல்லாதே. மாற்றிக்கொள்ளலாம்தான், இடையில் வளர்ந்தது மாறாது."

இரண்டு நாள் கழித்துச் சேர்க்கைப் படிவத்தை அவள் மகன் முன் வைத்தாள். அவன் வரலாற்றுப் பிரிவை எழுதினான். எழுதுவதற்கு முன் தாயின் முகத்தை ஒருமுறை பார்த்தான். அவள் தலையசைத்தாள். அந்தத் தலையசைப்பில் முழுச் சம்மதம் இருந்தது என்று நான் சொல்லமாட்டேன். அச்சமும் இருந்தது. பிள்ளையைப் பெற்றவளுக்கு அது இருக்கத்தானே செய்யும்.

ஊருக்குப் புறப்படும்போது, என் மேசையில் கிடந்த தமிழ்ப் புத்தகம் ஒன்றை, "படித்துவிட்டுத் தருகிறேன், அத்தா" என்று சொல்லி, மகள் தன் பையில் வைத்துக்கொண்டாள்.