திரும்பி வரும் குருதி

1930களின் தொடக்கத்தில், பாஸ்டன் நகர மருத்துவமனை ஒன்றில், இளம் மருத்துவர் ஜான் கிப்பன் ஒரு பெண்ணின் படுக்கையருகே இரவு முழுவதும் விழித்திருந்தார். இரத்தக்கட்டி அப்பெண்ணின் நுரையீரல் தமனியை அடைத்திருந்தது. நேரம் செல்லச்செல்லக் குருதி கருத்துவந்தது. காலையில் அறுவை நடந்தும் அவர் பிழைக்கவில்லை. அந்தக் கரிய குருதியை வெளியே எடுத்து, ஆக்சிஜன் ஏற்றி, மீண்டும் உடலுக்குள் செலுத்த இயலாதா என்னும் எண்ணம் கிப்பனைவிட்டு அகலவில்லை. 1953 மே 6 அன்று பிலடெல்ஃபியாவில், 18 வயதுப் பெண்ணின் இதய மேலறைச் சுவரில் இருந்த பிறவித் துளையை அவர் மூடினார். இதயமும் நுரையீரலும் செய்யவேண்டிய பணியை 26 நிமிடங்கள் அவரது இயந்திரமே ஏற்றது.

அன்றிலிருந்து அறுவை அரங்கில் ஒரு கேள்வி மாறவில்லை: கொடுத்தது போய்ச் சேர்ந்ததா?

தமனிக் குருதியின் ஆக்சிஜன் செறிவு 100 விழுக்காட்டைத் தொட்டாலும் திசுக்கள் பசித்திருக்கலாம். இயந்திரக் குழாய்களில் முன்கூட்டி நிரப்பிய நீர்மம் குருதியை நீர்க்கச் செய்கிறது. ஒரு கிராம் ஹீமோகுளோபின் சுமப்பது ஏறத்தாழ 1.34 மில்லிலிட்டர் ஆக்சிஜன்தான். வண்டிகள் நிரம்பியே செல்கின்றன; வண்டிகளின் எண்ணிக்கைதான் குறைந்துவிட்டது. உடலைக் குளிர்வித்தால் திசுக்களின் தேவை குறையும். ஆனால் அதே குளிர் ஹீமோகுளோபினின் பிடியை இறுக்குகிறது. குருதியில் காரத்தன்மை கூடினாலும் அப்படியே. வாசல்வரை வந்த சுமை இறக்கப்படாமல் திரும்பிவிடுகிறது.

ஆகவேதான் திரும்பிவரும் குருதியைக் கேட்கவேண்டியிருக்கிறது. சிரைக் குருதியின் செறிவு இயல்பில் 75 விழுக்காட்டை ஒட்டியிருக்கும். அது வீழ்ந்தால், வந்தது போதாமல் திசுக்கள் கூடுதலாக உறிஞ்சுகின்றன என்று கொள்ளலாம். லாக்டேட் ஏறினால், செல்கள் ஆக்சிஜனின்றியே ஆற்றல் திரட்டத் தொடங்கியிருக்கக்கூடும்.

ஆயினும் சிரைக் குருதி உடல் முழுவதன் கலவை. அது சொல்வது சராசரியை. சிறுநீரகத்தின் பசியை ஏனைய உறுப்புகளின் நிறைவு மறைத்துவிடலாம். செறிவு உயர்ந்திருப்பதுகூட எப்போதும் நற்செய்தியன்று. குருதி நுண்குழாய்களுக்குள் புகாமலே திரும்பியிருக்கலாம்.

மயக்கத்தில் இருப்பவரால் மூச்சுமுட்டுவதைச் சொல்ல இயலாது. அதனால் இயந்திரத்தை இயக்கும் பெர்ஃபியூஷனிஸ்ட், குருதியோட்டம், ஹீமோகுளோபின், வெப்பநிலை, கார்பன் டை ஆக்சைடு, லாக்டேட் அனைத்தையும் ஒன்றோடொன்று சேர்த்தே படிக்கிறார். ஓர் எண் நன்றாக இருப்பதும் நோயாளி நன்றாக இருப்பதும் ஒன்றல்ல. அதை மறக்கும் கணத்துக்கு விலை கொடுப்பது பேச இயலாத அந்த உடல்தான்.